பார்ப்பதற்கும் கூலி உண்டு

விழுப்புரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடையை நான் தொடங்கியது 2005ஆம் ஆண்டில். இத்தனை ஆண்டுகளில் என் மேசைக்கு வந்துபோன சிஸ்டங்களுக்குக் கணக்கில்லை என்றாலும், இந்தத் தொழிலில் எதற்குக் கூலி வாங்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரே ஒரு பழைய அசெம்பிள்டு சிஸ்டம்தான். 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை ஆட்டோவில் மடியில் வைத்துப் பிடித்தபடி கொண்டுவந்தார். "தம்பி, மூணு பேர் பார்த்துட்டாங்க. நெட் வரல. மெஷினே பழசு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற பேரப்பிள்ளைய ஸ்கைப்புல பார்த்து ஒரு மாசம் ஆகுது" என்றார்.

அவர் சொன்ன கதை இது. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போன சில வாரங்களில், ஒரு நாள் காலையில் கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டது. பக்கத்துத் தெருக் கடையில் கொடுத்தபோது ஃபார்மட் அடித்து, அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, 500 ரூபாய் வாங்கினார்கள். நீலத்திரை போய்விட்டது, ஆனால் அதன் பிறகு எந்த இணையப் பக்கமும் சரியாகத் திறக்கவில்லை. இணைப்பு கொடுத்தவர்களை அழைத்தார். அவர்கள் மோடத்தை மாற்றிவிட்டு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். பலனில்லை. வேறொரு கடையில் மறுபடியும் ஃபார்மட், மறுபடியும் 500 ரூபாய். இதற்கிடையில் டெஸ்க்டாப்பில் வைத்திருந்த மகளின் கல்யாணப் படங்கள் முதல் ஃபார்மட்டிலேயே போய்விட்டன. படங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

சிஸ்டத்தை மேசையில் வைத்து இயக்கியதும் வலது கீழ் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று காட்டியது. பிரச்சினையில் பாதி அங்கேயே விளங்கிவிட்டது. பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். 2009இல் நிற்கும் கணினிக்கு 2016இன் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆகவே அது நம்ப மறுக்கிறது, பக்கம் திறப்பதில்லை. விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளக்கூடியதுதான் என்றாலும், வீட்டுக் கணினியில் பிசகு 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது கைவைக்காது. கணினியின் கடிகாரத்துக்கென மதர்போர்டிலிருந்த நாணய வடிவ பேட்டரியைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். மூன்று வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது இரண்டைக்கூடத் தொடவில்லை. சிஆர்2032 என்ற அந்தப் பேட்டரியின் பெயரிலேயே அதன் அளவும் இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அன்றைய விலை 30 ரூபாய்.

ஆனால் பேட்டரி தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருக்க வேண்டுமே, மகன் இருந்தவரை ஏன் ஒன்றும் ஆகவில்லை? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் மீதிப் பாதி கிடைத்தது. "ஐயா, ராத்திரியில சுவிட்ச ஆஃப் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். இடி மின்னல் பயத்தில் தம் மனைவி படுக்கப் போகும்முன் வீட்டிலுள்ள எல்லாப் பிளக் சுவிட்சையும் அணைத்துவிடுவார் என்றார். மகன் இருந்தபோது அவன் இரவெல்லாம் வேலை பார்ப்பான், அந்தச் சுவிட்சைத் தொட விடமாட்டான் என்றும் சொன்னார். கணினிக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஊதா நிறக் கம்பி ஒன்று உண்டு. கணினியை அணைத்திருந்தாலும் சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை, அந்தக் கம்பி போர்டுக்கு ஐந்து வோல்ட் தந்துகொண்டே இருக்கும். கடிகாரமும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் என்ற மென்பொருளின் அமைப்புகளும் அதிலேயே உயிரோடு இருக்கும். பேட்டரிக்கு வேலை வருவது சுவர்ச் சுவிட்சை அணைத்த பிறகுதான். மகன் போனான், இரவில் சுவிட்ச் அணைந்தது, செத்த பேட்டரி வெளியே தெரிந்தது.

நீலத்திரைக்கும் காரணம் அதுவே. பயாஸ் தன் அமைப்புகளை மறந்தபோது, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து தொழிற்சாலையில் வைத்த ஐடிஇ என்பதற்குத் திரும்பியிருக்கிறது. ஏஎச்சிஐ முறையில் நிறுவிய விண்டோஸ் 7 அந்த நிலையில் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் நீலத்திரையில் நின்றுவிடும். பேட்டரியை மாற்றிவிட்டு, பயாஸுக்குள் போய் ஒரே ஒரு வரியைப் பழையபடி மாற்றியிருந்தால் போதும். ஒரு கோப்புகூடத் தொலைந்திருக்காது. ஃபார்மட் அடித்தபோது விண்டோஸ் ஐடிஇ முறையிலேயே புதிதாக அமர்ந்துகொண்டதால் நீலத்திரை போனது உண்மைதான்; ஆனால் அது ஏன் வந்தது, ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை. குறை அப்படியே இருந்தது, அதன் முகம் மட்டும் மாறியது.

பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, அவர் கண்ணெதிரிலேயே இணையத்தைத் திறந்து காட்டினேன். ஹார்ட் டிஸ்க்கை ஓர் இரவு வைத்திருந்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கல்யாணப் படங்களில் ஒரு பகுதியை மீட்டேன். அந்த மென்பொருள் கோப்பின் பெயரையோ அது இருந்த ஃபோல்டரையோ பார்க்காமல், படத்துக்கே உரிய தொடக்க அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுவதும் தேடும். ஆகவே படம் கிடைக்கும், பெயரும் வரிசையும் கிடைக்காது. இரண்டு முறை விண்டோஸ் எழுதப்பட்ட இடங்களில் இருந்த படங்கள் போனது போனதுதான். மீட்டதற்கு 300 ரூபாயும், குறையைக் கண்டுபிடித்துத் தீர்த்ததற்கு 80 ரூபாயும் வாங்கினேன். அந்த 80இல் பேட்டரி 30, கைக்கூலி 50.

ஆசிரியர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "கண்டுபிடிக்காதவங்களுக்கு 2,200 கொடுத்தேன், கண்டுபிடிச்ச உனக்கு 80தானாப்பா?" என்று கேட்டார். அவர் அன்போடுதான் கேட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மற்ற இரண்டு கடைக்காரர்களும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், கை சுத்தமானவர். ஃபார்மட் என்பது விலை தெரிந்த வேலை. ஊரில் எல்லோருக்கும் அது 500 ரூபாய் என்று தெரியும், கேட்டால் கொடுப்பார்கள். காரணம் தேடி உட்காரும் முக்கால் மணி நேரத்துக்கு ஊரில் விலையே இல்லை. பில்லில் எழுத முடிகிற வேலையை அவர்கள் செய்தார்கள். பில்லில் எழுத முடியாத வேலையை நான் செய்தேன். எந்த வேலைக்குக் காசு வருகிறதோ அந்த வேலைதான் ஒரு தொழிலில் வளரும். ஃபார்மட்டுக்கு மட்டும் காசு என்றால் எல்லா நோய்க்கும் மருந்து ஃபார்மட்தான்.

அந்த வாரம்தான் முதல்முறையாக உட்கார்ந்து கடைக் கணக்கை ஒழுங்காகப் போட்டேன். அதை இன்றைய விலைக்கு மாற்றிச் சொல்கிறேன். கடை வாடகை 9,000, உதவிக்கு இருக்கும் தம்பியின் சம்பளம் 14,000, மின்சாரம், இணையம், தேநீர், கூரியர், மாதம் இரண்டு முறை சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்ந்து 7,000. ஆக மாதம் 30,000 ரூபாய். 25 வேலை நாள் என்று வைத்தால், என் வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுக்கும்முன் கடை ஒரு நாளில் 1,200 ரூபாய் ஈட்டியாக வேண்டும். வீட்டுக்கு 25,000 வேண்டும் என்றால் நாளொன்றுக்கு 2,200. பத்து மணி நேரக் கடையில் அது மணிக்கு 220 ரூபாய். இதுகூடப் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் பத்து மணி நேரமும் காசாவதில்லை. "சும்மா ஒரு தடவ பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்று வருபவர்கள், போனில் கேட்பவர்கள், போன வாரம் செய்த வேலை திரும்பி வருவது, வாரன்ட்டிக்கு அனுப்பிய பொருளைத் தேடி அலைவது என்று பாதி நேரம் போய்விடும். மீதி ஐந்து மணி நேரத்தில்தான் அந்த 2,200 வர வேண்டும். அதாவது மணிக்கு 440.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், கோப்புகளைப் பத்திரமாக வேறிடத்தில் எடுத்து வைத்து, விண்டோஸ் போட்டு, டிரைவர் மென்பொருள், பிரிண்டர், தமிழ் எழுத்துரு எல்லாம் அமைத்துக் கொடுக்கும் இரண்டரை மணி நேர வேலைக்கு 500 ரூபாய் என்பது நட்டம். அது இலாபமாக வேண்டுமென்றால் இரண்டு வழிதான் உண்டு. கோப்புகளை எடுத்து வைக்காமல் அழிக்க வேண்டும். அல்லது தயாராக வைத்திருக்கும் திருட்டு விண்டோஸை இருபது நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் அந்த இரண்டாம் வழியில் நானும் போயிருக்கிறேன். உரிமத்தை உடைக்கும் அந்தச் சிறு மென்பொருள்களே வைரஸை உள்ளே கூட்டிவருவதைப் பலமுறை பார்த்த பிறகு விட்டேன். ஆசிரியரின் கல்யாணப் படங்கள் போனதற்குக் காரணம் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அந்தக் கவனத்துக்கு 500 ரூபாயில் இடமே இல்லை என்பதுதான் உள்ளே இருக்கும் உண்மை.

உதிரிபாகத்திலாவது இலாபம் உண்டே என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் இருந்தது. 2012இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, யுபிஎஸ்ஸும் அதற்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் விற்றே பல கடைகள் பிழைத்தன. இன்று வாடிக்கையாளர் நான் விலை சொல்லி முடிக்கும்முன் செல்பேசியில் அதே பொருளின் விலையை எடுத்துக் காட்டுகிறார். அது பல நேரங்களில் எனக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் கொள்முதல் விலையைவிடக் குறைவு. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் உழைத்த காசு. போதாக்குறைக்கு 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் என்ற நினைவகத்தின் விலை ஏறத் தொடங்கியது. எங்கள் கடைகளில் நன்கு பழகிய குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறும்போது சரக்கு வாங்கி வைக்கவும் முடியாது. வைத்தது விலை இறங்கினால் விற்கவும் முடியாது.

பாகத்தில்தான் காசு என்ற நிலை இன்னொரு கேடும் செய்கிறது. எஸ்எம்பிஎஸ் போய்விட்ட சிஸ்டம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியே கழற்றி, பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் சிறு கம்பியால் இணைத்தால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி சுற்றும். இது சுற்றத் தொடங்கி நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு மின்தேக்கிகளின் (கெபாசிட்டர்) தலை உப்பியிருக்கிறது. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும். அதன்மேல் சிலுவைபோல் கீறல் போட்டிருப்பார்கள், உள்ளே அழுத்தம் கூடினால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே திறந்துகொள்வதற்காக. உப்பியதை எடுத்துவிட்டு, அதே கொள்திறனும் அதே வோல்ட்டும் கொண்ட புதியதை, முனை மாறாமல் சூடுவைத்து ஒட்ட வேண்டும். பொருள் இரண்டும் சேர்ந்து 30 ரூபாய்கூட ஆகாது. கழற்றுவது, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் இறங்கக் காத்திருப்பது, மாற்றுவது, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது என்று என் நேரம்தான் முக்கியச் செலவு. இதற்கு 300 ரூபாய் கேட்டால், "ரெண்டு சின்னச் சாமானுக்கு முந்நூறா?" என்பார்கள். புதிய எஸ்எம்பிஎஸ் 900 ரூபாய் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள். கையில் ஒரு பெட்டி வருகிறதே. எனக்கும் அதில் பத்து நிமிட வேலை, 150 ரூபாய் மிச்சம். வாடிக்கையாளருக்கு 600 ரூபாய் நட்டம், குப்பையில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ். பழுதுபார்ப்பவன் பழுதே பார்க்காமல் இருப்பதற்குத்தான் ஊர் கூலி கொடுக்கிறது.

2018 பொங்கலுக்குப் பிறகு கடை வாசலில் ஒரு பலகை வைத்தேன். "பார்க்கும் கூலி 200 ரூபாய். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் இது உண்டு. பார்த்ததை எழுதித் தருவோம்." இப்போது அது 300.

செக்கிங் சார்ஜ் என்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. பெரிய சர்வீஸ் சென்டர்களில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அங்கே, வேலையை அவர்களிடமே கொடுத்தால் அந்தத் தொகையைப் பில்லில் கழித்துவிடுவார்கள். நண்பர்கள் பலரும் என்னையும் அப்படியே செய்யச் சொன்னார்கள். வாடிக்கையாளருக்கும் அது நியாயமாகத் தோன்றும். நான் மறுத்துவிட்டேன். கழித்துக்கொடுத்தால், பார்த்த கூலி எனக்கு மிஞ்ச வேண்டுமென்றால் நான் ஏதாவது பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்; அந்தக் கூலியை உதிரிபாகத்தின் விலைக்குள் மறைத்து வைப்பேன். பார்ப்பது தனி, செய்வது தனி என்று பிரித்தால்தான், "இதில் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்ல எனக்கு வழி பிறக்கிறது. மருந்து விற்றால் மட்டும்தான் மருத்துவருக்கு வருமானம் என்றால், ஒரு மாத்திரையும் வேண்டாம் என்று எந்த மருத்துவர் சொல்வார்?

கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் போல ஒரு புத்தகம் அச்சிட்டுக்கொண்டேன். என்ன சொல்லிக் கொண்டுவந்தார்கள், எதைச் சோதித்தேன், என்ன கண்டேன், என்ன செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று அதில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வேறு கடைக்கும் போகலாம். சிலர் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் வேலைக்கு எனக்குக் கூலி வந்துவிட்டது.

முதல் மூன்று மாதம் கடை காற்று வாங்கியது. பலகையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. பழைய வாடிக்கையாளர் ஒருவர், "நம்மகிட்டயே காசு கேக்கிறியா?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் வரவில்லை. அந்த நாட்களில் கடையைக் காப்பாற்றியது, ஒரு பள்ளிக்கூடத்தின் இருபது சிஸ்டங்களுக்கு நான் எடுத்திருந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் ஓர் அருமை உண்டு: எதுவும் பழுதாகாமல் இருந்தால்தான் எனக்கு இலாபம். ஆகவே கோடை விடுமுறையில் இருபதையும் திறந்து தூசி தட்டி, விசிறிக்கு எண்ணெய் விட்டு, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து வைத்துவிடுவேன். நோ டிஸ்ப்ளே, அதாவது திரையில் ஒன்றுமே வரவில்லை, என்று வரும் சிஸ்டங்களில் கணிசமானவை அந்த ரப்பர் தேய்ப்பிலேயே உயிர் பெற்றுவிடும். ஒப்பந்தத்தின் குறை என்னவென்றால், பணம் மாதக்கணக்கில் தாமதமாக வரும். கேட்டுக் கேட்டு அலைய வேண்டும்.

கூலி வாங்கத் தொடங்கியபின் என் பார்வையிலேயே ஒரு பொறுமை வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் "சிஸ்டம் ஸ்லோ" என்றால் உடனே ஃபார்மட் என்று வாய் சொல்லிவிடும். இப்போது முதலில் ஹார்ட் டிஸ்க்கின் உள்பதிவேட்டைப் படிக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நலிவைத் தானே குறித்து வைக்கிறது: கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகள் எத்தனை என்று. அந்த இரண்டும் பூச்சியமாக இருந்தால் டிஸ்க் நலமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் வேகக் குறைவுதான் என்றால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி வகை டிஸ்க் மாற்றினாலே கணினி புதுப்பிறவி எடுக்கும். நிலுவை எண் ஏறிக்கொண்டிருந்தால், அந்த டிஸ்க்கில் ஃபார்மட் அடிப்பது சாகக்கிடப்பவரை ஓடச்சொல்வது போன்றது. முதலில் கோப்புகளைப் பிரதியெடுக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். ஒரே புகார், இரண்டு வேறு காரணங்கள், நேரெதிரான இரண்டு வைத்தியங்கள். எது என்று அறிய ஆகும் நேரம் கால் மணி.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது, அந்த மாதம் முழுவதும் பயந்துபோய் வந்தவர்கள் ஏராளம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான செயலி வேண்டும் என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பழையதாகிவிட்டன. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் என் கடைக்கு வருபவை அனைத்தும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்த்தே வந்தது பலருக்கு நினைவிருக்காது. இப்படி வருபவர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒரு வழி, லினக்ஸ் மின்ட் ஒரு வழி, புதியது வாங்குவது ஒரு வழி என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வரிசையில் வந்தவர்களில் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் அம்மா ஒருவரை மறக்க முடியாது. அவருடைய சிஸ்டத்தில் விண்டோஸ் 10கூட இல்லை, விண்டோஸ் 7. பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களும், பதினைந்து ஆண்டு அழைப்பிதழ்களும் அதில் இருந்தன. புதிய கணினிக்கு மாறினால் அந்த எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் பழையபடி ஒத்துழைக்குமா என்று சோதித்துப் பார்க்கவே பல நாள் ஆகும். முகூர்த்த மாதத்தில் அவர் பிழைப்பு நின்றுவிடும். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், மின்னஞ்சலுக்குச் செல்பேசி போதும் என்று எழுதிக் கொடுத்தேன். எதையும் மாற்றவில்லை, எதையும் விற்கவில்லை. 300 ரூபாயை அவர் தயங்காமல் கொடுத்தார். புதுக் கணினி விற்றிருந்தால் எனக்கு இரண்டாயிரம் கிடைத்திருக்கும் என்பதை அவரும் அறிந்தே இருந்தார்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இப்போது பேச்சு எழுந்திருப்பதை வரவேற்கிறேன். ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. உதிரிபாகமும் கையேடும் சிறு கடைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ரேமைக்கூடப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்ட மடிக்கணினிகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் தினமும் தவிக்கிறேன். ஆனால் பாகமும் கையேடும் வந்து சேர்ந்தாலும், குறையைத் தேடி உட்காருபவனுக்கு அந்த நேரத்துக்குக் கூலி இல்லையென்றால், அந்தப் பாகங்களை மாற்றிக்கொண்டே இருக்கும் கடைகள்தான் பெருகும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை நான் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். எழும்பூரில் இறங்கி நடந்து போய், மாலைவரை அந்தச் சந்துகளில் ஒரு மதர்போர்டுக்காக அலைந்துவிட்டு இரவு திரும்பினால், கடையில் என் உதவியாளன் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். நான் இல்லாதபோது, பார்த்ததை எழுதித் தரும் சீட்டை எழுத அவனுக்கு அனுமதி இல்லை, ஆனாலும் எழுதியிருந்தான். "திட்டாதீங்கண்ணே, படிச்சுப் பாருங்க" என்று புத்தகத்தை நீட்டினான்.

வீட்டில் வைத்தால் அடிக்கடி தானாக நின்று மறுபடி தொடங்கும் சிஸ்டம். வேறு கடையில் ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றியாகிவிட்டது. நம் கடையில் நான்கு மணி நேரம் ஓட்டியும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவன், "கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்குமா?" என்று கேட்டிருக்கிறான். ஆமாம், வெறுங்காலோடு தொட்டால் இருக்கும் என்றிருக்கிறார் அதைக் கொண்டுவந்தவர். உடனே மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறான். பிளக்கின் மூன்றாவது துளைக்கு உள்ளே கம்பியே கிடையாது. எர்த் இல்லாத இடத்தில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே, வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி கேபினட்டின் மேல் ஏறி நிற்கும். மீட்டரில் அவனுக்கு 108 வோல்ட் காட்டியிருக்கிறது.

சீட்டில் அவன் எழுத்தில் இருந்தது: "சிஸ்டத்தில் குறை இல்லை. எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம். கம்ப்யூட்டர் இருக்கும் சுவிட்ச் பாக்ஸில் எர்த் வயர் இல்லை. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்த பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவும். அப்போதும் நின்றால் கொண்டுவரவும், பார்க்கும் கூலி வேண்டாம். இன்றைய கூலி 300 ரூபாய், பெற்றுக்கொண்டேன்." கீழே, என் கையெழுத்து இருக்கும் இடத்தில், தன் பெயரை எழுதியிருந்தான்.

ஒரு வாரம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். எர்த் இழுத்தாயிற்று, சிஸ்டம் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்றார். மறுநாள் காலை அச்சகத்துக்குச் சென்று, அந்தப் புத்தகத்தின் அடுத்த அச்சில் கையெழுத்துக்கு இரண்டு கோடுகள் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.